ஏழு ஐந்துக்கு வரும் இருவாச்சி

இனி இந்த ஒன்பதாவது மாடியை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை என்று சென்ற டிசம்பர் பன்னிரண்டாம் தேதி, காலை பத்து மணி இருபது நிமிடத்துக்கு முடிவெடுத்தேன். நேரத்தைச் சரியாகச் சொல்வது என் பழக்கம். சிங்கப்பூரின் ஈசூன் பேருந்து நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது, தாமதம் என்றால் ஏன் தாமதம் என்று எழுதி எழுதியே விரல் காய்த்துப்போனவன்.

முடிவை முறைப்படி எல்லாருக்கும் அறிவித்தேன். மனைவி ரஞ்சிதத்துக்கு நேரில். மெல்பர்னில் இருக்கும் மகள் இளமதிக்கு வீடியோவில். ஐந்தாம் மாடி ரகுபதிக்கு, அவர் ஆரஞ்சுப் பழத்தோடு நலம் விசாரிக்க வந்தபோது. காரணங்களும் கைவசம் இருந்தன. கொசு. டெங்கி. மழை. மழை இல்லாத நாளில் வெயில்.

உண்மைக் காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நவம்பரில் எனக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். அதற்கு மூன்று நாள் முன்னால், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் பின்பக்கம் கூரை போட்ட நடைபாதையில் நான் விழுந்தேன். கையில் இருந்த தவ்வுச் சோயாக்கட்டி பாக்கெட் உடைந்து சட்டையெல்லாம் தண்ணீர். ஒரு சீன ஆன்ட்டி சூப்பர்மார்க்கெட் விளம்பரத் தாளால் விசிறினார். ஒரு கட்டுமானத் தொழிலாளி, கழன்று ஓடிய என் செருப்பை எடுத்துவந்து காலில் மாட்டிவிட்டார். எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஒருவருக்கும் என் பெயர் தெரியாது. "அங்கிள், அங்கிள்" என்றுதான் கூப்பிட்டார்கள். நான் மல்லாந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரஞ்சிதம் இல்லாத இடத்தில், பெயர் இல்லாமல் சாகப்போகிறேன் என்று நினைத்தேன். தையல் ஆறிவிட்டது. அந்தப் பயம் ஆறவில்லை. இதைக் கட்டிய மனைவியிடம் எப்படிச் சொல்வது? கொசு என்று சொல்வது சுலபம்.

மருத்துவமனையில் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். தினமும் நடக்கவேண்டும். நடக்காவிட்டால் வைத்துத் தைத்த குழாயும் அடைத்துக்கொள்ளும். அடுத்த தடவை இத்தனை நல்லபடியாக முடியாது. ரஞ்சிதம் இதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

"சும்மா கீழ வரைக்கும் போய்ட்டு வரலாமாங்க?"

"கொசு."

"நேத்துதான் புகை அடிச்சிட்டுப் போனாங்க."

"அப்ப புகை. எனக்கு ஆகாது."

"சரி, காரிடார்லயாவது?"

"காரிடார்ல காத்து ஜாஸ்தி."

நான்கு நாள் கேட்டாள். ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று எண்ணி ஒரு தலையணையைக் கூடுதலாக முதுகுக்கு வைத்துக்கொண்டேன்.

ரஞ்சிதத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். முப்பத்துநான்கு வருடம் பாலர் பள்ளியில் ஆசிரியை. நாலு வயதுப் பிள்ளைகள்தான் அவள் தொழில். எந்தப் பிள்ளையிடமும் 'போய்க் கை கழுவு' என்று அவள் சொன்னதில்லை. 'சோப்புப் பெட்டிக்குள்ள யாரோ ஒளிஞ்சிருக்காங்களாமே, யாருன்னு தெரியலையே' என்பாள். பிள்ளை ஓடிப்போய்த் தேடும். கை தானாகச் சுத்தமாகிவிடும். வீட்டுக்கு வந்து அவள் இந்தக் கதைகளைச் சொல்லும்போது நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எவ்வளவு லேசாக ஏமாறுகிறார்கள் என்று.

ஜனவரியில் ஒருநாள் காலை, நான் ஓட்ஸ் கஞ்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, யாரோ சமையக்கட்டு ஜன்னலத் தட்டறாங்க."

"ஒன்பதாவது மாடி ஜன்னல யாரு தட்டுவா?"

"அதான் நானும் கேக்கறேன். வந்து பாருங்களேன்."

துணி காயப்போடும் கழியின் மேல் ஒரு இருவாச்சி உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, வெள்ளை வயிறு. சாண் நீள மஞ்சள் அலகு, அதன் மேல் தொப்பி போல இன்னொன்று. கண்ணாடியில் தெரிந்த தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக் கொத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் என் பனியன் காய்ந்துகொண்டிருந்தது. இரண்டுக்கும் ஒன்றையொன்று பற்றிக் கவலை இல்லை.

காட்டில் ஆலமரத்திலும் அத்திமரத்திலும் இருக்கவேண்டிய பறவை அது. பல வருடம் சிங்கப்பூரில் கண்ணிலேயே படாமல் இருந்து, உபின் தீவுப் பக்கம் திரும்பி வந்து, அங்கிருந்து மெல்ல மெல்ல ஊருக்குள் பரவியது என்கிறார்கள். பழைய மரங்கள் போன இடத்தில் புளோக் நிற்கிறது. அது ஏர்கான் பெட்டியைக் கிளை என்று எடுத்துக்கொண்டது. அழகுக்கு நட்ட பனைகளில் பழம் பறிக்கப் பழகிக்கொண்டது. லிஃப்ட் இல்லாமலே ஒன்பதாவது மாடிக்கு வருகிறது.

"காட்ட வெட்டிட்டாங்கன்னு இது ஒரு மூலையில சுருண்டு படுத்துக்கல, பாத்தீங்களா?" என்றாள் ரஞ்சிதம்.

"என்ன சொல்ல வர்ற?"

"பறவயச் சொன்னேங்க."

அவள் பப்பாளித் துண்டை எடுத்தாள். காட்டு உயிர்களுக்குத் தீனி போடுவது இந்த நாட்டில் குற்றம் என்று நான் சட்டம் பேசினேன். அவள் பப்பாளியை என் தட்டில் வைத்தாள். நான் என் பழைய நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்து, 'இருவாச்சி, வருகை 7.40, புறப்பாடு 7.46' என்று எழுதினேன். இரண்டு மாதத்தில் முதல் தடவையாகக் கை நடுங்காமல் எழுதினேன். ரஞ்சிதம் அடுப்பைத் துடைத்துக்கொண்டே என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அது மூன்று தடவை வந்தது. 7.40, 7.52, 7.38. பிறகு நின்றுவிட்டது. ஒரு நாள், இரண்டு நாள், ஆறு நாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு சேவையை நிறுத்தினால் விசாரணை உண்டு. ஜன்னலோரம் நாற்காலி போட்டு நான் வானத்தை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாம் நாள் ரஞ்சிதம் கைப்பேசியோடு வந்தாள். "புளோக் குரூப்ல ரகுபதி போட்டிருக்காரு. ஹார்ன்பில் இப்பல்லாம் காலைல ஏழு அஞ்சுக்கு வருதாம். காரிடார் கடைசில நின்னா, கார்பார்க் பனைமரத்துல தெரியுதாம்."

"ரகுபதிக்கு என்ன தெரியும்? டாக்ஸி ஓட்டின ஆளு. அவருக்கு டைம்னா என்னன்னு தெரியுமா?"

"எனக்கென்ன தெரியும்? அவரு கரெக்டா எழுதி வச்சிருக்காராம்."

அவர் எழுதி வைத்திருக்கிறாராம்! அவர்! மறுநாள் ஏழு மணிக்கு நான் காரிடார் கடைசியில் நின்றேன். காரிடாரும் ஒன்பதாவது மாடிதான். கீழே இறங்குவதில்லை என்ற முடிவுக்கு அதனால் பங்கமில்லை. பனை தெரிந்தது. பறவை தெரியவில்லை. ஒரு வாரம் நின்றேன். பழக்குலை இருக்கும் பக்கத்தை மஞ்சள்கொன்றைக் கிளை மறைக்கிறது என்று கண்டுபிடித்தேன். கீழே போனால்தான் சரிப்படும்.

இங்கேதான் கௌரவப் பிரச்சினை. மெல்பர்ன் வரை அறிவித்த முடிவு. மனைவி கண்ணெதிரே லிஃப்டில் ஏறினால் என்ன மரியாதை மிஞ்சும்? நான் தவித்துக்கொண்டிருந்தபோது ரஞ்சிதமே வழிவிட்டாள்.

"இனிமே காலைல ஆறே முக்காலுக்கெல்லாம் நான் தேக்கா மார்க்கெட் போய்ட்டு வந்துடறேங்க. அப்பதான் கீரை ஃபிரஷ்ஷா இருக்கு."

"தினமுமா?"

"உங்களுக்கு நல்ல கீரை குடுக்கச் சொல்லியிருக்காங்க இல்ல?"

பாவம், அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன். அவள் தலை மறைந்ததும் சட்டையை மாட்டினேன். லிஃப்ட் கதவு மூடியபோது கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டேன். இதயம் அடித்த அடியில் பழைய தையல் பிரிந்துவிடும் போல இருந்தது. கீழே ஒன்றும் நடக்கவில்லை. கார்பார்க் வரை போனேன். ரகுபதி அங்கே ஒரு காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! இப்பத்தான் போச்சு லா. ஒரு நிமிஷம் லேட்டு நீங்க."

"எந்தப் பக்கம்?"

"கால்வாய்ப் பாலத்துப் பக்கம். ஏழு பதினஞ்சுக்கு அங்க நிக்கும். உக்காந்து பாக்க பெஞ்ச்கூட இருக்கு."

வீட்டுக்குத் திரும்பி, பனியனோடு உட்கார்ந்து, ஒன்றும் அறியாதவன் போலச் செய்தி பார்த்தேன். எட்டு பத்துக்கு ரஞ்சிதம் முருங்கைக்கீரையோடு வந்தாள். எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஈசூனிலிருந்து தேக்கா போய்த் திரும்ப, ரயில் மாறும் நேரத்தையும் சேர்த்தால், ஒன்றரை மணி நேரம் ஆகும். கீரை வாங்க வேண்டாமா? ஆனாலும் நான் கேட்கவில்லை. நீ எங்கே போனாய் என்று நான் கேட்டால், நீங்க எங்க போனீங்க என்று அவள் கேட்பாள்.

மறுநாள் பாலம். அதற்கடுத்த வாரம், பறவை இப்போது விளையாட்டுத் திடல் வரை போகிறது என்று ரகுபதி குரூப்பில் போட்டார், நேரம் ஏழு இருபத்தெட்டு. நான் எங்கே போனாலும் அது ஒரு நிமிடம் முன்னால் கிளம்பியிருக்கும். அல்லது இன்னும் வந்திருக்காது. ஆனால் நேரம்? அச்சு அசலாக ஒரே நேரம். என் சர்வீஸில் எந்த டிரைவரும் அப்படி வந்ததில்லை. நான் கோடு போட்டு ஒரு கால அட்டவணை தயாரித்தேன். கார்பார்க் 7.05. பாலம் 7.15. திடல் 7.28. பனைப் பழம் தீரத் தீர சேவை நீட்டிக்கப்படுகிறது என்று குறிப்பும் எழுதினேன். இன்னொரு விந்தையையும் கவனித்தேன். கார்பார்க்கிலிருந்து பாலத்துக்குப் பறக்க அரை நிமிடம் போதும். இது பத்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. நிதானமாக நடக்கும் மனிதனுக்கு ஆகிற நேரம். வழியில் எங்கேயோ நின்று தின்கிறது என்று எழுதிக்கொண்டேன். அது நிற்கும் இடமெல்லாம் நிழலும் பெஞ்சுமாக இருந்தது. நல்ல புத்தியுள்ள பறவை.

மார்ச் மாதம் நாலாவது நிறுத்தம் வந்தது. பூங்காவுக்குள், குளக்கரை. 7.40. அங்கே போக ஒரே வழிதான். நான் விழுந்த நடைபாதை.

அதன் வாசலில் நின்றேன். காலை நேரம், ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு வேகமாக ஸ்டேஷனுக்குப் போனார்கள். என் கால் நகரவில்லை. திரும்பிவிடலாம் என்று இரண்டு தடவை திரும்பினேன். மணி 7.31. ஒன்பது நிமிடத்தில் ஒரு வருகை இருக்கிறது. எழுத ஆள் இல்லை என்று கையில் வைத்திருந்த நோட்டு சொன்னது. ஒரு தூணைப் பிடித்தேன். அதை விட்டு அடுத்த தூணைப் பிடித்தேன். ஐந்தாவது தூண்தான் அந்த இடம். அங்கே ஒன்றுமே இல்லை. தரையைக் கழுவியிருந்தார்கள். கொசு ஒழிப்புச் சுவரொட்டி ஒன்று ஒட்டியிருந்தது. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. துடைத்துக்கொண்டு ஆறாவது தூணைப் பிடிக்காமலே கடந்தேன்.

குளக்கரையில் அன்றைக்கு நிஜமாகவே இருவாச்சி இருந்தது. அட்டவணைப்படி 7.40க்கு அல்ல, 7.53க்கு. பெரிய மரமொன்றில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மண்ணும் எச்சமுமாகப் பூசி அடைத்திருந்தது. நடுவில் கீற்றுப் போல ஒரு இடுக்கு. அந்த இடுக்கு வழியே ஆண் பறவை பழத்தை ஒவ்வொன்றாகத் தொண்டையிலிருந்து எடுத்து ஊட்டியது. பெரிய கேமராவோடு நின்ற ஒரு மனிதர் விளக்கினார். பெட்டை உள்ளே இருக்கிறதாம். முட்டையிட்டு, குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் வெளியே வராதாம். ஆண் கொண்டு வந்தால்தான் சாப்பாடு. அது ஒருநாள் வராவிட்டால் உள்ளே பட்டினி.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். டிசம்பரிலிருந்து என் நாற்காலிக்கு வந்த கஞ்சி, வெந்நீர், மாத்திரை எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தது. அந்தப் பறவைக்காவது உள்ளே ஒரு வேலை இருக்கிறது, குஞ்சு இருக்கிறது. நான் எதற்காக அடைந்து கிடந்தேன்? வெட்கமாக இருந்தது. ரஞ்சிதத்தின் மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் அப்படியே இருந்தேன். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட முடிவு செய்தேன்.

ஆனால் சும்மா சொல்வதா? ஏப்ரலில் மருத்துவமனையில் பரிசோதனை. அங்கே, நாலு பேர் பார்க்க, அவளைத் திகைக்க வைக்க வேண்டும். இது என் இரண்டாவது முடிவு.

உடற்பயிற்சிப் பிரிவில் பவித்ரா என்ற பெண் எங்களை உட்காரவைத்தாள். ரத்த அழுத்தம் பார்த்தாள். மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாள். எல்லாம் திருப்தி.

"வாக்கிங் எப்படி இருக்கு அங்கிள்?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஒரு விஷயம் சொல்லணும். என் வைஃபுக்கே தெரியாது. ரெண்டு மாசத்துக்கு மேல தினமும் நடக்கறேன். ரகசியமா!"

ரஞ்சிதம் பக்கம் திரும்பினேன். அவள் கைப்பைக்குள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தெரியும் அங்கிள்," என்றாள் பவித்ரா. "இப்ப மூணு கிலோமீட்டர் வந்துட்டீங்க. வெரி குட் லா."

"எப்படித் தெரியும்?"

"ஆன்ட்டி வாராவாரம் மெசேஜ் போடறாங்களே."

கணினித் திரையை என் பக்கம் திருப்பினாள். முதல் வாரம் காரிடார். அப்புறம் கார்பார்க், 7.05. பாலம், 7.15. திடல், 7.28. பூங்கா, 7.40. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பெஞ்ச் உண்டு, ஓய்வு எடுக்கவும்' என்று இருந்தது.

"இது என் அட்டவணை," என்றேன். "இருவாச்சியோட டைமிங்!"

"இது நாங்க டிசம்பர்ல போட்ட பிளான் அங்கிள். ஆன்ட்டிதான் கூட உக்காந்து, எங்கெங்க பெஞ்ச் இருக்குன்னு பாத்து வந்து சொன்னாங்க."

முப்பத்தொரு வருடம் டைம்கீப்பர். நான் மெல்ல ரஞ்சிதத்தைப் பார்த்தேன்.

"அப்ப அந்தப் பறவை?"

"ஜன்னலுக்கு மூணு தடவ வந்துச்சுங்க. அது சத்தியம். அப்புறம் வரல. நான் என்ன செய்ய?"

"ரகுபதி?"

"பாவம் அவரு. நான் எழுதிக் குடுத்தத குரூப்ல போட்டாரு. அவருக்குக் காக்காவத் தவிர ஒண்ணும் தெரியாது."

"கார் துடைச்சுக்கிட்டு இருந்தாரே?"

"அவருக்கு ஏதுங்க காரு?"

"தேக்கா கீரை?"

"கீழ இருக்கற கடை."

எல்லாக் கதவும் மூடிக்கொண்டது. ஒன்றே ஒன்று பாக்கி. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அந்தப் பொந்து? அதை நானே கண்டுபிடிச்சேன். அது உங்க பிளான்ல இருந்துச்சா?"

"இல்லதான்," என்று ஒத்துக்கொண்டாள். "அன்னிக்கு ஒரு மணி நேரம் நீங்க உக்காந்துட்டீங்க. நான் புதருக்குப் பின்னாடி நின்னுக்கிட்டே இருந்தேன். அங்க இருக்கறது ஒரே பெஞ்ச்."

"நீ பின்னாடியா வந்த? தினமுமா?"

"நீங்க பாட்டுக்கு விழுந்தா, பேர் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பக்கத்துல வேணாமா?"

அந்த விஷயத்தை நான் அவளிடம் சொன்னதே இல்லை. எப்போது கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. கொசு என்று சொன்ன முதல் நாளே கண்டுபிடித்திருப்பாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

பவித்ரா எங்களைப் பார்க்காதது போலத் திரையைப் பார்த்து, "அப்ப மே மாசத்துலேருந்து நாலு கிலோமீட்டர் போட்டுடவா ஆன்ட்டி?" என்றாள்.

"மூணே இருக்கட்டும்மா," என்றாள் ரஞ்சிதம். "இவரு நடந்துடுவாரு. பின்னாடி ஒளிஞ்சு ஒளிஞ்சு போற எனக்குத்தான் முட்டி தேயுது."